மகன் எந்த ஊரில் விளையாடுவான்?

அக்கா,

நேற்று மெத்ரோவால் இறங்கி வரும்போது மூலைத் தெப்பனேர் கடை வாசலில் கார்னேஷன் பூக்களை வாளியில் வைத்திருந்தார்கள். சிவப்பு ஒரு கட்டு, வெள்ளை ஒரு கட்டு. கடைக்காரர் வழக்கம்போல "பொன்ஜூர்" என்றார். நான் ஒன்றும் வாங்காமலேயே "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டேன். பூவைக் கண்டதும் வாய் தடுமாறிவிட்டது. நவம்பர் பிறந்துவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. நவம்பர் என்றால் நம் இருவருக்கும் ஒரே கேள்விதானே: இந்த முறை ஜூட்டின் அணி யாரோடு, எந்த ஊரில்?

ஜூட் இப்போது விளையாடுவதில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து, பிள்ளையாருக்கு விளக்கு வைத்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் ஃபோனை எடுத்து அந்தக் கல்லூரியின் பேரைத் தேடினேன். பழக்கம் விடவில்லை. பழக்கியது நீங்கள்.

கோட்-டெ-நெய்ஜில் என் தலைக்கு மேல் மாடியில் நீங்கள் இருந்தீர்கள். டோர்வல் விமான நிலையச் சமையல்கூடத்தில் என் பக்கத்து மேசையிலும் நீங்கள்தான். பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே மன்னாரில் தொடங்கி பங்குக் கோயில் வரைக்கும் கதைப்போம். நான் கதைப்பேன், நீங்கள் கேட்பீர்கள் என்று சொல்வதுதான் சரி. உங்கள் வாயிலிருந்து தானாக வரும் கதை ஒன்றுதான்: கடைசி மகன் ஜூட். பூங்காவில் உதைபந்து விளையாடித் திரிந்தவன், அமெரிக்காவில் ஒஹாயோப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு, படிப்புச் செலவை அவர்களே ஏற்க, போனான். அங்கே ஆடுவது கையால் எறிந்து, ஓடி, ஆளை ஆள் விழுத்துகிற பந்தாட்டம். அதில் அவனுக்கு ஒரே வேலைதான். மற்றவர்கள் இடிபட்டு முடிந்த பிறகு வந்து, இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவால் பந்தை உதைத்துவிட்டுப் போவான்.

"எல்லாரும் சேத்தோட நிக்கினம், என்ரை மோன் மட்டும் அயர்ன் பண்ணினபடி வாறான்" என்று படத்தைக் காட்டுவீர்கள். அதில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

ஆனால் மைதானத்தில் அவனை நீங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவனுக்கு ஆட்டம் சனிக்கிழமை, நமக்குச் சமையல்கூடம் சனிக்கிழமை. அவனுடைய கடைசி வருஷத்தில் எப்படியும் போவது என்று இருந்தீர்கள். அந்த வருஷம்தான் நெஞ்சு இளைக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியும் வீடுமாக இலையுதிர் காலம் போய்விட்டது. மூக்கில் குழாயோடு எழும்பி நடக்கத் தொடங்கியபோது வழக்கமான ஆட்டங்கள் முடியும் தறுவாயில் இருந்தன. காரில் போகலாம், ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டு போகலாம், விமானம் மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பிளேனுக்கு இவ்வளவு காலம் சோறு கட்டினன். அதுக்கு என்னைப் பிடிக்கேல்லைப் பாரன்" என்றீர்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். ஆறு தடவை வென்ற அணிகளுக்குப் பருவம் முடிந்த பிறகு இன்னும் ஓர் ஆட்டம் கிடைக்கும். அதைப் 'போல்' என்கிறார்கள், கிண்ணம் என்று அர்த்தம். கிண்ணத்துக்கும் பந்துக்கும் என்ன உறவு என்று ஜூட்டிடம் கேட்டேன். பழைய மைதானம் ஒன்று கிண்ணத்தின் வடிவில் இருந்ததாம். ஜூட்டின் அணி அப்போது ஆறு வென்றிருந்தது. ஆனால் எதிரணி யார், ஊர் எது என்பது டிசம்பர் ஞாயிறு ஒன்றில்தான் தெரியவரும். அதுவரை எல்லாமே ஊகம்.

அந்த ஊகம் எனக்குப் பிடித்துப்போனது, அக்கா. அதை ஒரு விளையாட்டு விஷயமாக நான் பார்க்கவில்லை. கலியாணம் பேசுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழு உட்கார்ந்து, தங்கள் ஆட்டத்துக்கு எந்த இரண்டு அணியைக் கூப்பிடலாம் என்று பார்க்குமாம். இந்த வருஷம் ஏற்கெனவே மோதிய இரண்டு பேரைத் திரும்பவும் சேர்க்க விரும்பமாட்டார்களாம். போன வருஷம் வந்தவரை இந்த வருஷமும் கூப்பிட யோசிப்பார்களாம். சனம் வருமா, ஹோட்டல் நிறையுமா என்பதும் கணக்கில் வருமாம். "பொருத்தம் பாக்கிறாங்கள் அக்கா" என்று சொன்னேன். "சீதனமும் பாக்கிறாங்கள்" என்றீர்கள் நீங்கள்.

கிழமைக்குக் கிழமை இன்டர்நெட்டில் ஆளாளுக்கு ஆரூடம் எழுதினார்கள். ஒருவர் ஐடஹோ என்பார், இன்னொருவர் அலபாமா என்பார், மூன்றாமவர் டெட்ரொயிட் என்பார். அடுத்த கிழமை மூவரும் இடம் மாறி நிற்பார்கள். நம்முடைய ராசிபலன்காரரைப் போலத்தான், போன கிழமை சொன்னது ஏன் பிழைத்தது என்று ஒருவரும் எழுதவில்லை. நமக்கு வேண்டியது டெட்ரொயிட். காரில் ஒரு பகல் ஓட்டம், கூரை போட்ட மைதானம், உங்கள் மகள் ஓட்டுவாள், சிலிண்டர் பின் சீட்டில். மற்ற ஊர் எல்லாம் விமானத்துக்குரியவை.

கூட வென்றால் தூரத்து ஊர்க்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்ததை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப தோக்கவேணும் எண்டோ நான் மண்டாடுறது?"

"சீச்சீ. ஜூட் அடிக்கிறதெல்லாம் போகவேணும் எண்டு கேளுங்கோ."

"மற்றவை கொஞ்சம் பாத்து விளையாடட்டும் எண்டும் கேக்கட்டோ?" என்றீர்கள். சிரித்து, இருமி, மெஷினைக் கூட்டிவைக்க வேண்டி வந்தது.

இவ்வளவு ஆசையையும் ஜூட்டிடம் மட்டும் நாம் சொல்லவில்லை. வருத்தத்தைச் சொன்னால் பிள்ளையின் கால் நடுங்கும் என்று நீங்கள் மறைத்தீர்கள். வீடியோவில் அவன் வரும்போதெல்லாம் குழாயைக் கழற்றி மடியில் வைப்பீர்கள். ஊர்ப் பேரை நான்தான் சொல்லவிடவில்லை. வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, நடக்கமுதல் ஒரு காரியத்தை வாயால் சொல்லவும் கூடாது, நாவூறு பட்டுத் தவறிப்போகும் என்று வளர்ந்தவள் நான். நீங்களும் வேதக்காரியாக இருந்தும் அதற்குத் தலையாட்டினீர்கள். டெட்ரொயிட் என்ற பேர் நம் இரு வீட்டிலும் 'அந்த இடம்' ஆகிவிட்டது. ஒருநாள் ஜூட் ஃபோனில், "அம்மா, எந்த இடத்தில விளையாடினா உங்களுக்குச் சந்தோசம்?" என்று கேட்டான். நான் பக்கத்தில் இருந்து கண்ணைக் காட்டினேன். "கடவுள் விட்ட இடம், மோன்" என்றீர்கள்.

அறிவிப்புக்கு முதல்நாள் அந்தத் தெப்பனேரில்தான் பூ வாங்கி வந்தேன். பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். சிவப்பு ஒரு கடதாசியில், வெள்ளை ஒரு கடதாசியில், மடித்துச் சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பது. சிவப்பு வந்தால் கிட்ட, வெள்ளை வந்தால் தூர. உங்கள் வீட்டில் இருந்தது மாதா சொரூபம்.

"மாதா குறை நினைக்கமாட்டாவோ?" என்று கேட்டேன்.

"அவவும் ஒரு மோனைப் பெத்தவதானே. போடு."

நீங்களே எடுத்தீர்கள். சிவப்பு. அன்றே உங்கள் மகளைக் கூப்பிட்டுக் காருக்குப் பனி டயர் மாற்றச் சொன்னோம். நான் பயணத்துக்கு முறுக்குச் சுட்டேன்.

மறுநாள் நீங்கள் பூசையால் வந்து மேல்கோட்டைக் கழற்றவும் இல்லை, ஜூட் ஃபோன் எடுத்துவிட்டான். பஹாமாஸ் என்றான். கடலுக்குள் இருக்கிற தீவு. அவன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"அம்மா, எங்களிட்டையும் விருப்பம் கேட்டவை. நான்தான் இதைச் சொன்னனான். அங்கை கடல் மன்னார் மாதிரி. உங்களுக்குக் குளிரில இருந்து ஒரு லீவு. டிக்கெட் போடுறன், பாஸ்போர்ட் நம்பரைத் தாங்கோ."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். இப்போதாவது சொல்லுங்கோ என்று கையால் கெஞ்சினேன். நீங்கள் குழாயை மடியில் உருட்டிக்கொண்டு, "எனக்குத் தடிமனும் இருமலும் மோன். அன்ரி வருவா" என்றீர்கள். பிறகு என் கைப்பையைத் திறந்து, என் பாஸ்போர்ட்டை எடுத்து நம்பரை வாசித்தீர்கள்.

ஃபோனை வைத்த பிறகு, பூ ஏன் இப்படிப் பிழையாய்ச் சொன்னது என்று நான் புலம்பினேன். "பிள்ளையாரிட்டைக் கேட்டம், மாதாவிட்டைக் கேட்டம், இன்டர்நெட்டிலையும் கேட்டம்" என்றீர்கள். "பிள்ளையிட்டைத்தான் ஒண்டும் சொல்லேல்லை."

அப்படித்தான் நான் பஹாமாஸ் போனேன், உங்களுடைய கண்ணாக. விமானத்தில் தட்டு வந்ததும் கரண்டியை யார் சுற்றியிருப்பார்கள் என்று பார்த்தேன். நம்முடைய கை இல்லை. மைதானத்தில் வெயில், காற்றில் உப்பு. நீங்கள் கட்டாயப்படுத்தித் தந்த கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஃபோனில் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் வீட்டில் டிவிக்கு முன்னால், மகளும் கோயில் ஆட்களும் சுற்றி.

"என்ன நடக்குது? சொல்லு."

"விழுத்திப்போட்டாங்கள்."

"ஆரை?"

"தெரியேல்லை அக்கா, ஒருத்தருக்கு மேல ஒருத்தர் கிடக்கினம்."

ஜூட் முதல் தடவை வந்து உதைத்தான். காற்று இழுத்துக்கொண்டு போனது, பந்து கம்பத்துக்கு வெளியே. நான் ஒன்றும் பேசவில்லை.

"பிழைச்சிட்டுது, என்ன?"

"டிவியில வந்திட்டுதோ?"

"டிவியில அவன் இன்னும் கால் தூக்கேல்லை. உன்ரை வாய் மூடிச்சுது, அதிலை தெரிஞ்சுது."

டிவி பிந்தி வருகிறது என்று அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. நான் இருக்கிற இடத்தில் நடந்து முடிந்தது உங்கள் வீட்டில் இன்னும் நடக்கவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆட்டம் முடியப்போகையில் ஜூட்டின் அணி இரண்டு புள்ளி பின்னால். பந்து நடுவால் போனால் மூன்று கிடைக்கும். ஜூட்டைத் திரும்ப அனுப்பினார்கள். அயர்ன் பண்ணினபடி வந்தான். நான் பிள்ளையாரையும் மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன். பந்து எழும்பியது. "போட்டிட்டான் அக்கா" என்றேன்.

பிறகு நடந்ததை உங்கள் மகள் சொல்லித்தான் அறிந்தேன். அறை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, நீங்கள் கதிரையில் சாய்ந்து, "பயப்பிடாதேங்கோ. நடுவால போகும்" என்றீர்களாம். போனது. ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டாராம். அந்த வருஷம் எழுதியவர்கள் எல்லாருடைய ஊகத்திலும் சரிவந்தது உங்களுடையது ஒன்றுதான்.

ஜூட் ஓடிவந்து, வேலிக்கு மேலால் எட்டி என் ஃபோனை வாங்கி வீடியோவைப் போட்டான். சந்தோஷத்தில் நீங்கள் குழாயைக் கழற்ற மறந்துவிட்டீர்கள்.

"அம்மா, மூக்கில என்ன?"

"பேந்து சொல்லுறன். நல்லா அடிச்சாய்."

அவன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. என்னோடேயே டோர்வலில் வந்திறங்கினான், நத்தார்ப் பெருநாளுக்கு உங்களோடு இருந்தான். "சொல்லியிருந்தா நான் டெட்ரொயிட் எல்லோ கேட்டிருப்பன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "அங்கை குளிர், மோன்" என்று நீங்கள் அவன் தலையைத் தடவினீர்கள். பனி கரையமுதல் போய்விட்டீர்கள்.

உங்கள் மாதா இப்போது என் வீட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில். நேற்று சிவப்புக் கட்டை வாங்கி இருவருக்கும் பிரித்து வைத்தேன். கட்டிப் பார்க்கவில்லை. சும்மா வைத்தேன். அந்த நேரம்தான் ஜூட் ஃபோன் எடுத்தான். பக்கத்து நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிறான், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு உதைக்கப் பழக்குகிறான். அவனும் அதே ஆரூடப் பக்கத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அன்ரி, இந்த முறை எங்கை எண்டு நினைக்கிறியள்? நானும் அக்காவும் போவம் எண்டு இருக்கிறம். உங்களுக்கு எந்த இடம் விருப்பம்?"

கடவுள் விட்ட இடம் என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"டெட்ரொயிட்" என்றேன். "எனக்கு டெட்ரொயிட்டுக்குப் போகத்தான் விருப்பம் ஜூட். காரில போவம். நான் முறுக்குச் சுடுறன்."

"ஓம் அன்ரி" என்றான்.

இந்த முறை எந்த ஊர் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும் அக்கா. அன்று நான் மைதானத்தில், நீங்கள் டிவிக்கு முன்னால். இன்று இடம் மாறிவிட்டோம். எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். பிந்தி வருகிறதை நான் இருந்து பார்க்கிறேன்.