பொறு, இப்ப கொடு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம், என் இடது மணிக்கட்டில் மட்டும் ஒரு மாவுக்கட்டு. அங்கே நீ, மாப்பிள்ளை, உள்ளேயிருந்து உன்னை உதைக்கும் குட்டி, எல்லாரும் சுகந்தானே. போனில் நீ அழுத அழுகையில் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. பிரசவத்துக்கு நீ வரவே வேண்டாம், இனி விமானத்தில் ஏற மாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்றாய். நான் பண்ணவில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பாதி வழியில் வால் பக்கம் பெரிய சத்தம் கேட்டது, அப்புறம் விமானம் மூக்கைத் தூக்குவதும் கவிழ்ப்பதுமாக ஊஞ்சல் ஆடியது. விமானி ஒரு பெண், உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். திருப்புகிற பிடி, ஏற்றி இறக்குகிற பிடி எதுவும் கேட்கவில்லை, இரண்டு எஞ்சினும் நன்றாக இருக்கிறது, அதை வைத்தே இறக்கப் பார்க்கிறோம் என்று மைக்கில் மறைக்காமல் சொன்னாள். சொன்னவள் பதற்றத்தில் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அந்த மறதிக்கு அவளுக்குக் கோடிப் புண்ணியம். துணை விமானியிடம் அவள் பேசியதெல்லாம் எங்களுக்குக் கேட்டது. "பொறு... பொறு... இப்ப வலது கொடு. போதும். பொறு." இவ்வளவுதான், திரும்பத் திரும்ப. கொஞ்ச நேரத்தில் எங்கள் வரிசையே அவளோடு சேர்ந்து பொறு பொறு என்று முணுமுணுத்தது. உன் அப்பாவைத்தான் தெரியுமே, ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனுஷர், அடுத்தவர் வண்டியில் ஏறினால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு குறை சொல்லியே உயிரை வாங்குவார். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. மிதித்த மிதியில் கெண்டைக்கால்தான் இன்னும் வலிக்கிறதாம். நான் கண்ணை மூடிக்கொண்டு குட்டியின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், பார்க்காமலே போய்விடுவேனோ என்று பயந்தேன்.

தரையில் மோதி, ஓடுபாதையைத் தாண்டிப் புல்லில் போய்ச் சாய்ந்து நின்றது. கை கால் முறிந்தவர்கள் உண்டு, உயிர் போனவர் ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த விமானிப் பெண் நெற்றியில் தையலோடு கட்டில் கட்டிலாக வந்து விசாரித்தாள். அப்பா எழுந்து நின்று, "நல்லா ஓட்டினீங்கம்மா" என்றார். இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவள், "எங்கய்யா ஓட்டினேன், கெஞ்சிக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். வலது எஞ்சினுக்கு விசையைக் கூட்டிக் கொடுத்தால் இடது பக்கம் திரும்புமாம், இரண்டுக்கும் கொடுத்தால் மூக்கு ஏறுமாம், ஆனால் கொடுத்த உடனே விமானம் கேட்காதாம். கேட்கிறவரை பொறுக்க வேண்டுமாம், அவசரப்பட்டு இன்னும் கொடுத்தால் காரியம் கெட்டதாம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அங்கிருந்து பஸ்ஸில்தான் வீடு வந்தோம், அப்பா வழி நெடுக அந்த ஓட்டுநரைக் குறை சொன்னார், எனக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது.

அதனால் டிக்கெட் எடுத்துவிட்டேன், விமானத்தில்தான். கோபித்துக்கொள்ளாதே. அப்படி ஒருத்தி கொண்டுவந்து சேர்த்த உயிரை வீட்டில் பூட்டி வைக்க எனக்கு மனசில்லை. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் ஓடாதே. வலி வந்தால் பயப்படாதே, தலைமாட்டில் நான் இருப்பேன், பொறு பொறு என்று அவள் சொன்னதையே உன் காதில் சொல்வேன். கொடு என்பதற்குப் பதில் முக்கு என்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் மூவரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

வந்துகொண்டே இருக்கும்
உன் அம்மா