உன் தோளை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்

என் செல்லத் தம்பி செல்வத்துக்கு, உன் அண்ணன் எழுதுவது.

அந்தப் படம் வந்துவிட்டது. எல்லாம் கற்பனையே என்று முதலிலேயே எழுத்துப் போடுகிறார்கள். ஆனால் பாகூரில் யாரைக் கேட்டாலும், உன்னை வெட்டிய அந்த ரவுடியின் கதை என்கிறார்கள். அவனும் செத்துப் பல வருடம் ஆகிறது. இப்போது தவளக்குப்பம் ஜங்ஷனில் அவனுக்கு பேனர்.

நீ வெட்டுப்பட்டபோது எதையும் பார்க்கவில்லை என்று போலீசிடம் சொன்னாரே, உன் கடைக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்காரர், அவர் நேற்று என்னிடமே சொல்கிறார்: "நம்ம ஊரு ஆளு சார். அடிபட்டவன தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுறான் பாரு, இன்னா மனசு சார்." நான் பதில் பேசாமல் வந்துவிட்டேன். அவர் கடையில் நான் ஒரு பன் கூட வாங்குவதில்லை, தெரியுமா?

அந்தக் காட்சி உன்னுடையது. அந்த ரவுடியின் ஆட்கள் வெட்டிப் போட்ட ஒருவனை ஜங்ஷனே நின்று வேடிக்கை பார்த்தது. நீ பஞ்சர் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு அவனைத் தோளில் போட்டாய். டெம்போவை மறித்து ஏற்றினாய். சொந்தக்காரர்கள் வரும்வரை ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாய். அவன் பிழைத்துக்கொண்டான். எட்டாம் நாள் அந்த ரவுடியே உன் கடை வாசலுக்கு வந்தான். உன்னைத் தூக்க யாரும் வரவில்லை.

படக்காரர்களுக்கு இது எப்படித் தெரிந்தது? நான்தான் சொன்னேன். சென்னையிலிருந்து ஒரு உதவி இயக்குநர் வந்தார். இத்தனை வருடத்தில் உன்னைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். மூன்று மணி நேரம் பேசினேன். நீ அன்றைக்குப் போட்டிருந்த சட்டையைக்கூட எடுத்துக் காட்டினேன். அவனை ஊரறிய நாறடிப்பார்கள் என்று நம்பினேன். எம்.ஏ. படித்த மடையன்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள். அம்மாவுக்கு வெளியே நடக்கும் பேச்சு எதுவும் தெரியாது. வீட்டைத் தாண்டியே இரண்டு வருடமாகிறது. நான் சானலை மாற்றப் போனேன்.

"மாத்தாதடா. நம்ம செல்வம் மாதிரியே தூக்கறான் பாரு."

"யாரு வேணா தூக்குவாங்கம்மா."

"யாரு தூக்கனாங்கோ? நீ பாத்தியா?"

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். "இது யாரு கதடா?" என்றாள். அந்த ரவுடியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"நம்ம செல்வம் கததாம்மா."

"அப்ப கடசீல செத்துடுவானா?"

"இல்லம்மா. உசுரோட இருப்பான்."

அது மட்டும் பொய் இல்லை. படத்தில் அவன் சாவதே இல்லை.

ஏன்டா தூக்கினாய் என்று இன்றைக்கும் உன்மேல் எனக்குக் கோபம். யாரைக் கேட்டுத் தூக்கினாய்? ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அம்மா இருக்கும்வரை இந்த வீட்டில் அது உன் கதைதான். அவள் கேட்கும்போதெல்லாம் போட்டுக் காட்டுவேன்; பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்ப்பேன். வெளியே எவனாவது அந்தக் காட்சிக்கு அவன் பெயரைச் சொன்னால், இனி பேசாமல் வரமாட்டேன். உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன், பேக்கரிக்காரரிடமிருந்தே தொடங்கி.

இன்னும் உன்னோடு சண்டை தீராத,
உன் அண்ணன்