ஆத்ரம்

ஞாயிறு, இரவு.

மகன் கார்த்திக் விரும்பும் தெலுங்குப் பெண்ணின் வீட்டுக்கு இன்று குகட்பள்ளியிலிருந்து செகந்திராபாத் போனோம். கிளம்பும்போது அவள் அம்மா போன் செய்தார். "மா ஆயனகி ஒகடே ஆத்ரமண்டி" என்றார். அவர் கணவருக்கு எங்கள்மேல் ஆத்திரம் என்று நினைத்து, போகலாமா வேண்டாமா என்று கார்த்திக்கிடம் கேட்டேன்.

"அம்மா, தெலுங்குல ஆத்ரம்னா கோபம் இல்ல. நம்மளப் பாக்கணும்னு ஆலாப் பறக்கறாராம்," என்று கார்த்திக் ஆட்டோவில் சிரித்தான். நான் நம்பவில்லை.

மனிதர் தெருமுனையிலேயே வெயிலில் நின்றிருந்தார். நாங்கள் உட்காரும் முன்பே கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கிளம்பியபோது வழியனுப்ப வந்தவர் எங்கள் ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டார். எங்கள் குகட்பள்ளி வீட்டையும் இன்றே பார்த்துவிட வேண்டுமாம்.