ஒன்பது ரூபாய் வண்டி வாடகை

3-2-1956, வெள்ளி

புதிதாக வந்திருக்கும் துணை தாசில்தார் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எட்டு வருஷ உத்தியோகத்தில் எந்த அதிகாரியும் என்னைத் தனியாகக் கூப்பிட்டதில்லை. திட்டுவதைக்கூட எல்லோரோடும் சேர்த்துத்தான் திட்டுவார்கள்.

"சம்பங்கி, உங்க கையெழுத்து சுத்தமா இருக்கு. மூணு வருஷத்துப் பிரேத விசாரணைச் செலவைப் பாத்து எனக்கு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. இப்போதைக்கு ஹெட் கிளார்க் காதுக்குப் போக வேண்டாம்."

விஷயம் இதுதான். யானை மிதித்தோ, கிணற்றில் விழுந்தோ, பாம்பு கடித்தோ ஒருவர் செத்தால் எங்கள் தொட்டசந்திரம் தாலுகா கச்சேரி விசாரணை நடத்த வேண்டும். பிணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டி வாடகை, கோடித் துணி, குழி வெட்டும் கூலி எல்லாம் சர்க்கார் செலவு. மாதம்மாள் என்ற ஒருத்தி மனு போட்டிருக்கிறாள். ஐப்பசியில் அவள் புருஷன் கங்கப்பன் ராகிக் காவலுக்குப் போன இடத்தில் யானை மிதித்துச் செத்துப் போனான். வண்டி வாடகை ஒன்பது ரூபாயை அவளே கொடுத்தாளாம். எங்கள் கணக்கிலோ சர்க்கார் கொடுத்ததாக இருக்கிறது.

சுத்தமான கையெழுத்துக்கும் திருட்டைக் கண்டுபிடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வரும் வழியில் சொந்தக் காசில் ஒரு சிவப்பு பென்சில் வாங்கினேன்.

4-2, சனி

வவுச்சர்கள் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து வரி வரியாகக் கூட்டினேன். ஓரணா இடித்தது. மாட்டினான் என்று நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டேன். மறுபடி கூட்டினேன். கூட்டலில் தப்புச் செய்தது நான்தான்.

6-2, திங்கள்

மாதம்மாள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் இருந்த துணி மூட்டையைக் கீழே வைக்கவும் இல்லை.

"பொணத்த ஏத்தணும்னா வாடகைக் காசு குடுக்கணும்னு வண்டிக்காரரு நின்னுக்கிட்டாரு சாமி. கச்சேரிக்காரங்களக் கேட்டா காசு வல்லேன்னாங்க. குட்டியோட இருந்த வெள்ளாட்ட தேன்கனிக்கோட்டையில வித்துட்டு வந்து குடுத்தேன்."

ஆட்டை வாங்கியவர்கள் நல்லவர்களாம். யுகாதிக்குள் அதே ஒன்பது ரூபாயைக் கொண்டுவந்தால் ஆட்டையும் குட்டியையும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். தாண்டினால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஆட்டுப் பால்தான் வருமானம்.

"யுகாதிக்குள்ள ஆயிருமா சாமி?"

"ஆகும்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன்? சிவப்பு பென்சில் கொடுத்த தைரியம்தான்.

7-2, செவ்வாய்

குற்றவாளியைப் பிடித்துவிட்டேன்! கங்கப்பன் வவுச்சரில் வண்டிக்காரன் கரியப்பனின் இடது கட்டைவிரல் ரேகை இருக்கிறது. அவளிடம் ஒன்பது, சர்க்காரிடம் ஒன்பது. ஒரே பிணத்துக்கு இரண்டு வாடகை. அதோடு சேலம் கலெக்டர் ஆபீஸ் ரேட்டுப்படி அந்தத் தூரத்துக்கு ஆறு ரூபாய்தான் ஆகும். 'இறந்தவரின் பெயரால் இருமுறை கூலி பெற்ற துணிகரச் செயல்' என்று ரிப்போர்ட்டை ஆரம்பித்தேன். அந்த வரியை நாலு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன்.

வீட்டில் மனைவி ருக்மணி உலை வைத்துக்கொண்டே கேட்டாள். "அந்த ஆளைப் பாத்துக் கேட்டீங்களா?"

"வவுச்சர் இருக்கும்போது ஆள் எதுக்கு?"

"வவுச்சருக்கு வாய் இருக்கா?"

பெண்களுக்கு ஆபீஸ் நடைமுறை புரியாது.

9-2, வியாழன்

உத்தனப்பள்ளிக்குப் போனேன். கரியப்பன் வண்டிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். நான் அதிகாரத் தோரணையில் இரண்டு தடவை செருமினேன். அவன் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாக நினைத்து வெந்நீர் கொண்டுவரச் சொன்னான்.

ஆறு ரூபாய் வேலைக்கு ஒன்பது ஏன் என்று கேட்டேன்.

"பொணம் ஏத்துன வண்டியில நாலு நாளைக்கி எவனும் ராகி மூட்ட ஏத்த மாட்டான் ஸ்வாமி. மஞ்சத்தண்ணி தெளிச்சிக் கழுவி சும்மா நிறுத்தோணும். மாடு மட்டும் சும்மாவா நிக்கும்? தின்னுகிட்டுத்தான் நிக்கும்."

சேலத்து ரேட் புத்தகத்தில் இது இல்லை. எழுதியவர் பிண வண்டியோட்டிப் பிழைத்ததில்லை போலிருக்கிறது.

"சர்க்கார்கிட்ட ஒன்பது வாங்கியிருக்கே. அந்தம்மாகிட்ட ஏன் வாங்கினே?"

"சர்க்கார் எனக்கு ஒரு காசு குடுக்கல. அந்தம்மாளக் கேக்க எனக்கே கூசிச்சு. கேக்காம இருந்தா எம் பொண்டாட்டி கேப்பா."

"கைநாட்டு வச்சிருக்கியே!"

அவன் மசகுக் கையைத் துடைத்துவிட்டு என் நோட்டை வாங்கினான். தகப்பன் ஆனேக்கல் பக்கம் இருந்தபோது அங்கே நாலாவது வரைக்கும் படித்தானாம். கன்னடத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டான். "கையெழுத்து தெரிஞ்சவன் எதுக்கு ஸ்வாமி கைநாட்டு வெப்பான்?"

அவன் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருந்தது. துணிகரச் செயலைக் கிழித்துப் போட்டேன்.

10-2, வெள்ளி

அந்தக் கட்டைவிரல் ரேகையின் கீழே 'என் முன்னிலையில் வைத்தது' என்று இருக்கிறது. அதற்கும் கீழே சாட்சியின் கையெழுத்து. சம்பங்கி.

11-2, சனி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். தொகையைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறதா என்று சுரண்டிக்கூடப் பார்த்தேன். என் கையெழுத்தை நான் படிக்கவே இல்லை. கண்ணாடியில் தினமும் பார்க்கிற மூக்கை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

இன்று எண்ணினேன். நாற்பத்தொன்றில் முப்பத்தேழுக்கு நான்தான் சாட்சி. மீதி நாலும் எனக்கு அம்மை போட்டிருந்த மாதத்தது. முப்பத்தேழிலும் ரேகை ஒன்றேதான், குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. முப்பத்தேழு பேருக்கும் ஒரே விரல். இப்படியும் ஒரு துப்பறிகிறவன்.

மாதக் கடைசியில் ஹெட் கிளார்க் சென்னகிருஷ்ணன் கட்டோடு வருவார். "ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டுடுப்பா." ஹோட்டலிலிருந்து காப்பியும் வடையும் எல்லோருக்கும் வரும். ஒரு கையில் வடை, ஒரு கையில் பேனா. என் முன்னிலையில் வைத்தது வடைதான்.

13-2, திங்கள்

ஹெட் கிளார்க்கிடம் கேட்டுவிட்டேன். அதிகாரி சொன்னதை மீறித்தான் கேட்டேன். மனசு கேட்கவில்லை. அவர் மறுப்பார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அந்தக் கட்டைவிரலை எனக்குக் காட்டினார். குறுக்கே தழும்பு.

"என் விரல்தான். சேலத்துல இருந்து பணம் மூணு மாசம் கழிச்சு வருது. அதுக்குள்ள செத்தவன் வீட்டுக்காரங்களே குடுத்து முடிச்சிடுறாங்க. வந்த பணத்தைத் திருப்பி அனுப்பினா அடுத்த வருஷம் குறைச்சிடுவான். நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேனா? மூணு வருஷமா கச்சேரிக் காப்பி எந்தக் காசுல வருதுன்னு நினைச்சே?"

நான் எதுவும் நினைக்கவில்லை. அதுதான் விஷயம்.

"நீ ரெண்டு வடை தின்ற ஆளாச்சே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார்.

கங்கப்பன் ஒன்பது ரூபாய். அந்த வாரம் வடை சூடாக இருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது.

14-2, செவ்வாய்

எழுதினால் என் வேலை போகுமா? போகாது. இன்க்ரிமென்ட் போகும். ஒருவேளை போயே போய்விடுமோ? எட்டு வருஷம்... யாராவது சாட்சிக் கையெழுத்துக்காக ஜெயிலுக்குப் போயிருக்கிறார்களா? யாரைப் போய்க் கேக்கறது? கேட்டா ஏன் கேக்கறேன்னு கேப்பாங்களே.

'சாட்சியின் கையெழுத்து தெளிவாக இல்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்து சுத்தம் என்பதற்காகத்தான் இந்த வேலையே எனக்கு வந்தது.

ருக்மணியிடம் சொன்னேன். "அவ ஆடு குடுத்தா. நீங்க என்னத்தக் குடுப்பீங்க?" என்றாள்.

16-2, வியாழன்

கொடுத்துவிட்டேன். அதிகாரி மூன்று பக்கமும் படித்தார். வவுச்சரைத் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"சுத்தமா இருக்கு" என்றார்.

வெளியே வந்து தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

20-2, திங்கள்

கச்சேரியில் யாரும் என்னோடு பேசுவதில்லை. காப்பியும் நின்றுவிட்டது. எதற்குக் கோபம் என்று தெரியவில்லை. காப்பிக்காக இருக்கலாம்.

2-3, வெள்ளி

உத்தரவு வந்தது. எனக்கு இரண்டு வருஷத்துக்கு இன்க்ரிமென்ட் கிடையாது. ஹெட் கிளார்க் சேலத்துக்கு மாற்றல், அங்கே விசாரணை. போகும்போது என் தோளைத் தட்டி, "உடம்பைப் பாத்துக்கோ" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பழைய நாற்பத்தொன்றும் சேர்த்து, இனி ஒவ்வொரு விசாரணைச் செலவும் கச்சேரி வாசல் பலகையில், தமிழில், எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதப்பட வேண்டும். இறந்தவர் பேர், தொகை, யாருக்குக் கொடுத்தது. எழுதும் வேலை எனக்கு. என் கையெழுத்து என்னை விடுவதாக இல்லை.

28-3, புதன்

மாதம்மாளுக்குப் பணம் தரச் சொல்லி எழுதியதற்குச் சேலத்திலிருந்து பதில்: வவுச்சர்படி வாடகை ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது, ஒரே வண்டிக்கு சர்க்கார் இரண்டு முறை வாடகை தர விதி இல்லை.

அந்த வவுச்சரே பொய் என்று நாங்கள் எழுதிய மூன்று பக்கமும் அதே கவரில் திரும்பி வந்திருக்கிறது.

2-4, திங்கள்

சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ருக்மணி ஒன்பது ரூபாயைத் தனியாக எண்ணி என் கையில் வைத்தாள். "அந்த வடையெல்லாம் இப்பவாவது செரிக்கட்டும்."

மாதம்மாளுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். யுகாதி பன்னிரண்டாம் தேதி.

7-4, சனி

மாதம்மாள் வந்தாள். பலகையின் முன்னால் நின்று, "இதுல அவரு பேரு எங்க சாமி?" என்று கேட்டாள். காட்டினேன். எழுத்தின்மேல் கை படாமல் விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

உள்ளே கூட்டிப் போய் ஒன்பது ரூபாயைக் கொடுத்தேன். என் பணம் என்று சொல்லவில்லை. இரண்டு தடவை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நாலணாவை எடுத்து மேஜையில் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு நடந்தாள். அது காரியம் முடிந்தால் இங்கே எல்லோரும் வைப்பதுதான்.

"ஏம்மா, இது வேண்டாம்!" என்றேன். காதில் விழவில்லை. நாலணாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். "அம்மா, நில்லும்மா!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கச்சேரி குமாஸ்தா வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறான். அவள் என்ன நினைத்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஓட ஆரம்பித்தாள். நான் இன்னும் வேகமாக ஓடினேன் — மடையன், மடையன், நின்றிருக்க வேண்டாமா! — அவள் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறி, கூட்டத்துக்குள் புகுந்து, ஜன்னலோரம் குனிந்து உட்கார்ந்தாள்.

நாலணாவை உயர்த்திக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. பஸ் திருப்பத்தில் மறையும்வரை முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.