அம்மாவுக்கு முழங்கால் வலி இல்லை

விருத்தாசலம்
11.7.2004

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவும் சுகம் என்று எழுதியிருப்பதை இன்னொரு தடவை படித்துக்கொள். அவளுக்கு முழங்காலில் ஒரு வலியும் இல்லை. போன மாதம் நான் எழுதியது பொய்.

உடனே போனை எடுக்காதே. முழுவதும் படி. போனில் கேட்டால் நான் வேறு எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா.

செப்டம்பரில் நாலு பேருமாக கிரீஸில் இருக்கிற ரோட்ஸ் தீவுக்குப் போகலாம், பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து வையுங்கள் என்று நீ எழுதியதிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. நீ அனுப்பிய படங்களை அம்மா டி.வி. மேல் சாத்தி வைத்தாள். அங்கே லிண்டோஸ் கோட்டைக்கு முந்நூறு படி ஏற வேண்டும், முடியாதவர்களுக்குக் கழுதை உண்டு என்று எழுதியிருந்தாய் அல்லவா. அவ்ளோ தூரம் போயி கழுத மேல குந்திக்கினு போவாங்களா, நான் நடந்தே ஏறிடுவேன் என்றாள். மறுநாளே விடிகாலையில் ஜங்ஷனுக்குப் போய் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டாள். டிக்கெட் பரிசோதகர் என்னம்மா எந்த வண்டிக்கு என்று கேட்டாராம். கிரீஸுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா. இரண்டாயிரம் வருஷத்து ஜாடிகளை அங்கே மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எழுதினாய். முப்பது வருஷமாகப் பீங்கான் சூளை பார்க்கிறவன், எந்தச் சூட்டில் சுட்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன் என்று கம்பெனி முழுக்கப் பீற்றிக்கொண்டேன். எப்ப மேஸ்திரி பிளேன் ஏறுறீங்க என்று கூட வேலை பார்க்கிற கொளஞ்சி தினமும் கேட்பார்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கிற ஏஜெண்ட், இருவருடைய எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டும் வேண்டும் என்றார். பாஸ் பண்ணாதவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்துவார்களாம். வெளிநாடு போகும்போது சென்னையில் தனியாக அனுமதி வாங்கிக்கொண்டால் போதுமாம். அம்மா அன்றைக்கே பெட்டியைத் திறந்து தன்னுடையதை எடுத்து வைத்தாள். என்னுடையது எங்கே என்றாள். வெள்ளத்தில் நனைந்து வீணாகிவிட்டது என்றேன். அதை அவள் உனக்குச் சொல்ல, நீ பள்ளிக்கூடத்துக்கு எழுதி நகல் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பிவிட்டாய்.

பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கணக்கில் இருபத்தொன்பது. மறுபடி எழுதினேன், இருபத்தாறு. உன் அப்பா எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில், பூர்ணிமா.

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என்று போட்டிருப்பதை நீ பார்த்திருக்கிறாய். அச்சாபீசில் மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி என்ன போடறது என்று கேட்டார்கள். என் பெரியப்பா, எஸ்.எஸ்.எல்.சி. போடுங்க, பையன் எழுதுனான் இல்ல என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பெண் படித்திருக்கிறாள், மாப்பிள்ளையும் படித்திருக்க வேண்டும் என்று அம்மாவைப் பெற்ற உன் தாத்தா பிடிவாதமாக இருந்தது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. உண்மையிலேயே பாஸ் பண்ணிய அம்மாவுக்கு எதுவும் போடவில்லை. பொண்ணுக்கும் போட்டா சமமாயிடும் என்றார்கள். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே நகல் பேச்சு வந்ததும் பயந்துபோய், அம்மாவுக்கு முழங்கால் வலி, பயணம் வேண்டாம் என்று உனக்கு எழுதினேன். அவளிடம் கேட்டால் வருத்தப்படுவாள், போனில் இதைப் பற்றிப் பேசாதே என்றும் எழுதினேன். நீயும் நம்பி, அடுத்த வருஷம் பார்க்கலாம்மா என்று அவளிடம் மொட்டையாகச் சொல்லிவிட்டாய். ஒரு முத்திரைக்கு வெட்கப்பட்டு நான் செய்த காரியம் இது. அனுமதி வாங்கிக்கொண்டு நிம்மதியாக வந்திருக்கலாம்.

இத்தோடு போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ போனை வைத்த மூன்றாம் நாள் அம்மா சாப்பாடு போடும்போது, நாம கூட வந்தா அவுங்களுக்குக் கூச்சமா இருக்கும் போலங்க, எனக்குக் கரண்டி புடிச்சித் திங்கத் தெரியாது, மாப்பிள்ள எதாவது சொல்லியிருப்பாரு, பொண்ணு என்ன பண்ணும் பாவம் என்றாள். இல்லைடி, நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. மோர் ஊற்று என்றேன்.

மேம்பாலத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். டி.வி. மேலிருந்த படங்களையும் எடுத்துவிட்டாள். ஒரு பாவமும் அறியாத மாப்பிள்ளை ராஜ்மோகனுக்கு இந்த வீட்டில் கெட்ட பெயர். பெற்ற மகள் தன்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டு வளையவருவதைத் தினமும் பார்க்கிறேன். வெட்கப்பட வேண்டியவன் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன்.

உனக்கு எழுதுகிற கடிதங்களுக்கு இங்கிலீஷில் விலாசம் எழுதுவது அம்மாதான். வழக்கமாகக் கவரை ஒட்டித்தான் கொடுப்பேன். இதை ஒட்டப் போவதில்லை. திறந்தபடியே அவள் கையில் கொடுத்து, படித்துவிட்டு விலாசம் எழுது என்று சொல்லப் போகிறேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இது உன் கைக்கு வந்து சேர்ந்தால் அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

அதன் பிறகு போன் செய். முதலில் அவளிடம் பேசு. எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தையும் சொல்லாதே. மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். டிக்கெட் இன்னும் கிடைக்குமானால் அம்மாவுக்குக் கட்டாயம் எடுத்துவிடு. எனக்கு எடுப்பதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஒளிவுமறைவு இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆதிநாராயணன்