இத்தாலிய பாஷையில் நிபந்தனைகள்

1946 ஜனவரி 9, புதன்

யுத்தத்தில் டாக்டராக இத்தாலிக்குப் போன மகன் ராஜாராமன், அவ்விடத்துப் பெண்ணான லீனாவை மணந்து, அடுத்த மாதம் அழைத்து வருகிறான். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அக்கா வாலாம்பாளின் தீர்ப்பு: பெண் மாடியறையில் இருக்கலாம், சமையலறையும் பூஜையறையும் கூடா. மீறினால் அக்கா இவ்வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டாள். இவற்றை நானே, அப்பெண்ணின் பாஷையில், ஐயத்துக்கிடமின்றி அறிவிப்பதாகத் தீர்மானம். மதராஸிலிருந்து இத்தாலிய இலக்கணம் ஒன்று தருவித்தாயிற்று.

ஜனவரி 12

மேஜை ஆணாம், நாற்காலி பெண்ணாம். இதை அறியாமலே இத்தனை வருஷம் அதன்மேல் உட்கார்ந்து கட்சிக்காரர்களுக்குப் பிராது எழுதியிருக்கிறேன்.

ஆயினும் ‘பார்லோ’ என்றாலே ‘பேசுகிறேன்’. நம்மைப்போல் ‘நான்’ வேண்டாம். ‘மி பியாச்சே’ — ‘எனக்குப் பிடிக்கிறது’. அதே நான்காம் வேற்றுமை! இங்கிலீஷ்காரனுக்காக இரண்டு பக்கம் விளக்கியிருப்பதை வெற்றிலை மடிப்பதற்குள் கிரகித்தேன். கர்வம் கொண்டேன்.

ஜனவரி 13

வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் வந்து உட்காருகிறது. கர்வம் வாபஸ்.

ஜனவரி 22

குமாஸ்தா நல்லகாமனை மருமகளாகப் பாவித்து ஒத்திகை. ‘ரொட்டி மேஜைமேல் இருக்கிறது’ என்று இத்தாலிய பாஷையில் கம்பீரமாக உரைத்தேன்.

“என்னத்தச் சொன்னீகன்னு தெரியலய்யா. ஆனா ஏன் இம்புட்டுக் கோவமாச் சொல்றீக? அந்தப் புள்ள பயந்துரும்ல” என்றான்.

ஜனவரி 30

நிபந்தனைகள் தயார். பிழையிருந்தால் கண்டுபிடிக்க ஜில்லாவில் ஆளில்லை.

சகதர்மிணி ஜானு அடுக்களையிலிருந்து வந்து, “ஏன்னா, ‘பசிக்கறதா’ன்னு எப்படிக் கேக்கறது?” என்றாள். ‘ஆய் ஃபாமே’ என்று புத்தகம் பார்த்துச் சொன்னேன். சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். என் தயாரிப்பில் அவ்வாக்கியம் இல்லை.

பிப்ரவரி 6

வந்துவிட்டாள். கூடத்தில் நின்றாள். தொண்டையைக் கனைத்து, “நோன்...” என்றேன். ‘இல்லை’ என்று பொருள். எது இல்லை? அதற்கப்பால் மனப்பாடம் அனைத்தும் மறந்துபோயிற்று. அவள் காத்திருந்தாள்.

ராஜாராமன் மெதுவாக, “அப்பா, தமிழ்லயே சொல்லுங்கோ. நான் அவளுக்குச் சொல்றேன்” என்றான்.

வழி திறந்தே இருந்தது. ஒரு ஷரத்தும் விடாமல் சொல்லியிருக்கலாம் — சின்னப் பொண்ணு. புடவையை அள்ளிப் பிடிச்சுண்டு நிக்கறது. அதுகிட்டயா? என்னத்தச் சொல்ல?

நாற்காலியைக் காட்டி, “பிரேகோ” என்றேன். ‘தயவுசெய்து’. முதற்பாடம்.

பிப்ரவரி 17

அக்கா வண்டியூரிலிருந்து ஜட்காவில் வந்தாள்; இறங்கவில்லை. சமையலறையில் ஜானுவும் லீனாவும் சிரிப்பது வாசல்வரை கேட்டது.

“அனந்து, அவளை மாடிக்குப் போகச் சொல்லு. அப்பறம் உள்ளே வரேன்.”

“அதுக்கு வேண்டிய பாஷை எனக்கு இன்னும் வரலையே, அக்கா.”

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பச் சொன்னாள்.