வயிற்றுப்புண் என்று சொன்னோம்

வெள்ளக்கடை

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதுவது. ஹைதராபாத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கச் சேர்வராயனை வேண்டிக்கொள்கிறேன்.

போனிலேயே சொல்லியிருப்பேன். உன் அம்மா காதுக்கு எட்டாமல் பேச இந்த வீட்டில் இடம் ஏது? அதனால்தான் காகிதம். இங்கே ஒரு வாரமாக மழையும் பனிமூட்டமும். காப்பி பழுத்துக் கிடக்கிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை.

சேலத்தில் அம்மாவுக்கு மருந்து ஏற்றுகிற ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று சௌமியா என்று ஒரு பெண் வந்தது. நோயாளியையும் கேட்டுத்தான் வைத்தியம் நடக்கிறதா என்று வீடு வீடாக விசாரிக்கிறார்களாம். எனக்குத் திக்கென்றது. புற்றுநோய் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என டாக்டரைக் கேட்டுக்கொண்டவள் நீ. வயிற்றுப்புண் என்று அவளிடம் சொன்னவன் நான்.

என்ன நோய் என்று சொன்னார்களா, உங்கள் விருப்பத்தைக் கேட்டார்களா என்று அந்தப் பெண் கேட்டதும், எல்லாம் கேட்டாங்க என்று நான் முந்திக்கொண்டேன். அம்மா சொல்லட்டுங்கய்யா என்றது அது.

உன் அம்மா சிரித்தாள். "போய்ச் சேந்தவகிட்ட ஆரு கண்ணு கேப்பாங்க? நா உள்ள வந்தா பேச்சு நின்னுபோவுது. இவரு நொம்பச் சண்டக்காரரு, இப்ப எது சொன்னாலும் சரிங்கறாரு. பேயக் கண்டாத்தான் மனுசன் இப்பிடிப் பயப்படுவான்" என்றாள். என்ன வியாதி என்று முதல் ஊசியிலேயே தெரிந்துவிட்டதாம். "இனிமே ஊசிக்கு மலையெறங்கோணுமா வேண்டாமான்னு என்னையக் கேக்கச் சொல்லுங்க" என்றாள். அதையும் அந்தப் பெண்ணிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் பனிக்குள் போனால், திரும்பி வருவாளா என்று வாசலிலேயே நிற்கிறேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் தூக்கிவாரிப் போடுகிறது. கட்டியவளைக் கண்டே பயப்படுகிறேன், கண்ணு.

அடுத்த ஊசிக்கு நாள் குறித்தாயிற்று என்றாய். அதற்கு முன்னால் ஒருமுறை மலையேறி வா. நீ நர்ஸ், பக்குவமாகப் பேசத் தெரியும். என்ன வேண்டும் என்று அவளையே கேள். ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் எனக்கு வாய் வரவில்லை. அப்படியே சொன்னாலும் நாம் இருவரும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உனக்கு ஒரு குறையும் வராது. அம்மாவும் ஆசி சொன்னாள் என்று எழுதத்தான் கை போகிறது. அவளைக் கேட்காமல் எப்படி எழுதுவது?

இப்படிக்கு,
அப்பா மூக்கன்